என் முகத்தைப் பார்க்காத ஊழியர் மீது எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கை பற்றி

அனுப்புநர்:
திருமதி டெஸ்பா மெனிகோட்ஸ், வயது 71,
காற்றாலைக்கு வடக்கே நான்கு மைல், மண்பாதை முடியும் இடம்,
மூன்று காற்றாலை ஊர், நவஹோ பழங்குடி நாடு.
(வீட்டுக்கு எண் கிடையாது. தபால் பெட்டி எண் 63.)

பெறுநர்:
திரு. டேல் ஹால்வர்சன் அவர்கள்,
ஒழுங்கு விசாரணை அலுவலர்,
மாநில ஓட்டுநர் உரிமத் துறை, தலைநகர்.

பொருள்: ஓட்டுநர் உரிமத்துக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரியாகக் கொண்டுவரப்பட்ட அடையாள விதியில், ஊழியர் விண்ணப்பதாரரின் முகத்தை நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும் என்ற பகுதிக்கு ஆட்சேபம் தெரிவித்தல், அதன்பேரில் என் மருமகன் திரு. எல்ராய் யெல்லோஹேர் மீது எடுக்கப்பட்டுள்ள நடவடிக்கையைக் கைவிடக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 3.9.2025.

மரியாதைக்குரிய ஐயா,

தங்களை நான் பார்த்ததில்லை. தாங்களும் என்னைப் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்தப் பெயரில் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நம்பி இந்த மனுவைப் பணிவுடன் எழுதுகிறேன். என்னையும் அதே போல நம்பிப் படிக்க வேண்டுகிறேன்.

1. நவஹோ மக்களாகிய எங்களிடம் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லுமுன் குலத்தைச் சொல்வோம். நான் கசப்புநீர்க் குலத்தவள். என் தகப்பனார் உயர்ந்தவீட்டுக் குலம். என் தாயின் தகப்பனார் குலமும் தகப்பனின் தகப்பனார் குலமும் உண்டு. நான்கையும் சொல்லிவிட்டால், கேட்கிறவருக்கு நான் அக்காளா, அத்தையா, பாட்டியா என்பது உடனே தெரிந்துவிடும். தங்கள் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. என்ன கட்டங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தபோது தோன்றியதைச் சொல்கிறேன். உயரம், எடை, கண்ணின் நிறம், தலைமுடியின் நிறம் கேட்டிருந்தது. இந்த நான்கில் மூன்று எனக்கு மாறிவிட்டன.

2. நான் விடுதிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆடு பார்க்க ஆள் இல்லாததால் அதோடு நின்றுவிட்டேன். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சொல்லில் பிழை இருக்காது.

3. விஷயம் இதுதான். என் மகள் லூரீனின் கணவர் எல்ராய், மூன்று காற்றாலை ஊர் உரிம அலுவலகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். கடந்த ஆகஸ்ட் 12 செவ்வாய்க்கிழமை என் உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டார். அதனால் என் உரிமம் ரத்து செய்யப்பட்டு, அவர் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார். அக்டோபர் 9-ஆம் தேதி தங்கள் முன்னால் விசாரணை. அன்று அவர் பொய்ச் சான்று கொடுத்தவர் என்று முடிவானால் வேலை நிரந்தரமாகப் போய்விடும் என்று தங்கள் கடிதம் சொல்கிறது. அவர் தங்களுக்கு எழுதிக் கொடுத்த விளக்கம் ஐந்தே வரி. அதில் என் பெயர்கூட இல்லை. மாமியாரின் பெயரை அவர் எழுத மாட்டார். ஆகையால் அவர் எழுதாததையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது.

4. எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எங்கள் மொழியில் மாமியாருக்குச் சொல்லும் சொல்லுக்கே பார்க்கப்படாதவள் என்றுதான் அர்த்தம். இது சண்டையால் வருவது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சண்டை போடுகிறவர்கள்தான் முறைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இது மரியாதை. நான் இடுப்பில் சிறு வெள்ளி மணி ஒன்று கட்டியிருப்பேன். நான் வருகிறேன் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அவர் வேறு பக்கம் போய்விடுவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் பரிசோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. அவர் கண்கள் என் மூன்று பேத்திகளுக்கும் தேவைப்படுகின்றன.

5. இதற்கு முன்பெல்லாம் இதனால் அலுவலகத்துக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. அங்கே இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். திருமதி வெர்னா ஹஸ்கி என்ற அம்மையார் என்னைப் படம் எடுப்பார். அந்த நேரத்தில் எல்ராய் வெளியே போய் யாருடைய டயரையாவது தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஏப்ரலில் வெர்னா ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. அதே சமயத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான, நட்சத்திரம் போட்ட புது உரிம அட்டை வந்தது. நட்சத்திரம் இல்லாத சாதாரண அட்டைக்கும் இனி அதே படம், அதே சரிபார்ப்புதான் என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேல் உள்ளவர்கள் தபாலில் புதுப்பிக்க முடியாது, நேரில்தான் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

6. எல்ராய்க்கு அப்போதே கவலை வந்துவிட்டது. மே மாதம் ஒரு தடவையும் ஜூலை மாதம் ஒரு தடவையும் தங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். ஒரே ஒரு விண்ணப்பதாரருக்காக, ஒரே ஒரு நாள், இன்னொரு ஊழியரை அனுப்ப முடியுமா என்று கேட்டார். காரணத்தையும் எழுதியிருந்தார். உறவினருக்குச் சேவை செய்யத் தடை ஏதும் இல்லை, விதிப்படி நடந்துகொள்ளவும் என்று பதில் வந்தது. இரண்டு தடவையும் அதே பதில், அதே வரிகள். அந்த இரண்டு பதில்களின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

7. நான் சும்மா இருந்துவிடவில்லை. ஜூலை கடைசியில் 118 மைல் ஓட்டிக்கொண்டு நகரத்து உரிம அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு யாரும் மருமகன் இல்லை. யார் வேண்டுமானாலும் என் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கவும் பார்த்தார்கள். ஆனால் என் வீட்டு முகவரியில் வந்து காரியம் நின்றுபோயிற்று. எங்கள் பஞ்சாயத்து அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த கடிதமும், வீட்டுக்கு வழி வரைந்த படமும் காட்டினேன். காற்றாலை, தண்ணீர்த் தொட்டி, பிளந்த பாறை, ஆட்டுப்பட்டி எல்லாம் அதில் இருந்தன. கவுண்டரில் இருந்த பையன் நல்லவன். அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத வச்சு நான்கூட உங்க வீட்டுக்கு வந்துடுவேன் பாட்டி. இந்த மெசின் வராது" என்றான். எண் இல்லாத முகவரியை அந்தந்தப் பகுதி அலுவலகம்தான் சரிபார்த்துச் சான்றளிக்க வேண்டும், அதுவும் அட்டை போடும் அதே ஊழியர்தான் செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

ஆக, முகத்தைப் பார்க்க முடிந்தவருக்கு வீடு தெரியவில்லை. வீடு தெரிந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. உரிமமோ ஆகஸ்ட் 15-ஆம் தேதி முடிவதாக இருந்தது. உரிமத்தை விட்டுவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் குழாய் இல்லை. தண்ணீர் இறைக்கும் காற்றாலைக்குப் போய் வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் பிடித்து வருகிறவள் நான்தான். எனக்கும், அறுபத்து மூன்று ஆடுகளுக்கும், அடுத்த மேட்டில் இருக்கும் கண் தெரியாத என் தமக்கைக்கும் அந்தத் தண்ணீர்தான்.

8. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

லூரீன் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்ராய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். கேமரா ஒரு கம்பியில் பொருத்தியிருந்தது. பொத்தானை ஊழியர் அல்லாதவர் தொடக் கூடாது என்று விதி. ஆகவே அவர் கையைப் பின்னால் நீட்டிப் பொத்தானில் வைத்துக்கொண்டார். கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று லூரீன் சொல்லச் சொல்ல இன்னொரு கையால் தடவித் தடவித் திருப்பினார். முதல் படத்தில் என் கொண்டையும் சுவர்க் கடிகாரமும் விழுந்தன.

"கடிகாரம் நல்லா விழுந்திருக்கு" என்றாள் லூரீன்.

"அப்ப அதுக்கே ஒரு லைசென்ஸ் போட்டுக் குடுத்துடவா?" என்றார் எல்ராய், சுவரைப் பார்த்தபடியே.

பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர், முதுகாலேயே படம் பிடிக்கிற ஆபீசரைத் தன் காலத்தில் இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதனால் இரண்டாவது படம் கெட்டது. சிரித்தால் இயந்திரம் ஏற்காதாம். பல்லைக் காட்டினால் ஆள் மாறிவிடுவாரா என்று நான் லூரீனைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்தால் அறிய விரும்புகிறேன். மூன்றாவது படம் சரியாக விழுந்தது. எட்டு வருடத்துக்கு முன் வெர்னா எடுத்த படத்தோடு அதை இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போகிறது என்று பச்சைக் கோடு காட்டியது.

அதற்குப் பிறகுதான் அவர் பக்கமிருந்த திரையில் அந்த வரி வந்தது. "விண்ணப்பதாரரை நான் என் கண்ணால் நேரில் பார்த்தேன், படத்தோடு ஒப்பிட்டேன், இவரே அவர் என்று சான்றளிக்கிறேன்." கீழே கையெழுத்து. திரையில் என் படம் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மறைத்தபடி எல்ராய் அதைப் படித்தார்.

"இதுல நான் எப்படிப் போடறது லூரீன்?" என்று மெதுவாகக் கேட்டார். "பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்லுது."

9. இனி நான் சொல்லப்போவது அவருடைய விளக்கத்தில் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார். லூரீன் பதில் சொல்லுமுன் நான்தான் சொன்னேன். அவரிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை என்பதால் மகளைப் பார்த்து, அவர் காதில் விழும்படி சொன்னேன்.

"மாப்பிள்ளையப் போடச் சொல்லுடி. பத்தொம்பது வருஷமா எனக்கு வெறகு கொண்டாந்து எறக்குற மனுசனுக்கு நான் யாருன்னு தெரியாதா?"

அவர் போட்டார். மாமியார் சொல்லை மருமகன் தட்டுவதில்லை. அதுவும் அந்த வழக்கத்தோடு சேர்ந்ததுதான். எந்த மரியாதையால் அவர் என்னைப் பார்க்கவில்லையோ அதே மரியாதையால்தான் பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டார். எனக்கு அவசரம். தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போடச் சொல்லியிருக்க மாட்டேன். ஒருவரைத் தெரியும் என்பதும் பார்த்தேன் என்பதும் ஒன்றுதான் என்று அன்று நினைத்துவிட்டேன். அது என் தவறு. அவருடையது அல்ல.

10. கூரையில் ஒரு கேமரா இருந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. பதினொரு நிமிடம் ஊழியர் ஒரு தடவைகூட விண்ணப்பதாரர் பக்கம் திரும்பவில்லை, இது ஆள்மாறாட்டத்துக்கு உடந்தை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது என்று தங்கள் கடிதத்தில் கண்டேன். அந்தப் பதினொரு நிமிடப் படத்தை எங்கள் ஊரில் யாரிடமாவது போட்டுக் காட்டினால், எவ்வளவு நல்ல மருமகன் என்றுதான் சொல்வார்கள். அதே படத்தைப் பார்த்துத் தங்கள் அலுவலகம் திருட்டுத்தனம் என்கிறது. இது எப்படி என்று பல நாள் யோசித்தேன். கோபத்தோடு அல்ல, ஆச்சரியத்தோடு. கேமரா இரண்டு பேருக்கும் ஒன்றையேதான் காட்டுகிறது.

இன்னொன்றும் யோசித்தேன். இயந்திரம் என்னை நான்தான் என்று ஒப்புக்கொண்டது. எல்ராய்க்கு என்னைத் தெரியும். பெற்ற மகள் பக்கத்தில் நின்றாள். பெஞ்சில் இருந்த ஏழு பேரில் நான்கு பேர் எனக்குக் குல உறவு. இவ்வளவு இருந்தும் அட்டை செல்லாது என்றால், எந்த இடத்தில் நான் வேறு ஆளாகிப்போனேன் என்று தயவுசெய்து சுட்டிக்காட்ட வேண்டுகிறேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

11. பார்க்காமல் ஒருவரைத் தெரியுமா என்று விசாரணையில் கேட்கப்படலாம். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் பிப்ரவரியில், சினையாடு ஒன்று பனியில் வழிதவறிப் போயிற்று. தேடிப் போன நான் ஓடைப் பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்து கிடந்தேன். மணி பனிக்குள் புதைந்து சத்தமில்லாமல் போய்விட்டது. பொழுது சாய்வதற்குள் லூரீனும் எல்ராயும் ஆளுக்கொரு பக்கம் தேடக் கிளம்பினார்கள். அந்தப் பக்கம் அன்று மேய்ப்பவர்கள் மூன்று நான்கு பேர் நடந்திருக்கிறார்கள். எல்லார் காலடியும் பனியில் கலந்து கிடந்தது. எனக்கு இடது குதிகால் இழுக்கும். அந்த இழுப்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு எல்ராய் நேரே பள்ளத்து விளிம்புக்கு வந்துவிட்டார். வந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். கீழே நான் கிடப்பது அவருக்குத் தெரியும். லூரீன் வர வெகுநேரம் ஆகும் என்பதும் தெரியும். திரும்பிப் பார்க்காமலே ஒரு போர்வையைத் தோளுக்கு மேலாகக் கீழே வீசினார். நான் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டேன். போர்த்திக்கொண்டதும் குரல் கொடுத்தேன். இறங்கி வந்து அப்படியே தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தார்.

வண்டிப் பக்கம் வந்த பிறகு, கூடவே வந்த என் நாயிடம் சொன்னார்: "உங்க அம்மா ஒரு கம்பளி மூட்ட கனங்கூட இல்லடா. சாப்பிடறாங்களா இல்லையா?"

நானும் நாயிடம்தான் பதில் சொன்னேன். "மூட்ட கனமில்லன்னா தூக்குனவருக்கு ஏன்டா இப்படி மூச்சு வாங்குது?"

ஐயா, என்னைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தவர் யாரைத் தூக்கினோம் என்று தெரியாமல் நடந்திருப்பாரா? என் செருப்பின் அளவு அவருக்குத் தெரியும். என் வண்டி மூன்றாவது கியரில் இருமுவது தெரியும். அதைச் சரிசெய்து தருகிறவர் அவர்தான். குளிர்காலத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும் என்று நான் சொல்லி அனுப்பியதே இல்லை. வாசலிலிருந்து நாற்பது அடி தள்ளி அடுக்கிவிட்டுப் போய்விடுவார். என் மூக்கு எப்படி இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தங்கள் விதி கேட்பது அது ஒன்றைத்தான்.

12. தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், சில குடும்பங்களில் பரிசு மாற்றிக்கொண்டு இந்த வழக்கத்தை நீக்கிக்கொள்வது உண்டாமே, விண்ணப்பதாரர் ஏன் அவ்வாறு செய்யவில்லை என்று கேட்டிருக்கிறது. நன்றாக விசாரித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். உண்டு. என் தங்கை அப்படிச் செய்துகொண்டாள். அவளும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிடுகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டில் நான் செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. லூரீன் இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது எனக்கு இவரைப் பிடிக்கவில்லை. வேலை கிடையாது, குதிரை ஓட்டப் பந்தயம் என்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. முகத்துக்கு நேரே பார்த்திருந்தால் முதல் மாதத்திலேயே எதையாவது சொல்லிக் கெடுத்திருப்பேன். பார்க்கவும் பேசவும் கூடாது என்று இருந்ததால் சொல்ல வழியில்லாமல் போயிற்று. சொல்லாமலிருந்த காலத்தில் விறகு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, மூன்று பேத்திகள் வந்தார்கள். மூத்தவள் நானிபா இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். இதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதாமலிருக்க முடியவில்லை. இதையெல்லாம் எனக்குச் செய்து கொடுத்த ஒரு வழக்கத்தை, ஒரு அட்டைக்காக விற்க எனக்கு மனமில்லை. அதோடு, நீக்கிக்கொள்வது இருவரும் விரும்பிச் செய்வது. அலுவலகம் கேட்டதால் செய்தால் அது வேறு ஏதோ ஒன்று.

13. இந்த விதியை எழுதியவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். ஒருவர் பெயரில் இன்னொருவர் ஏமாற்றக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். அது நியாயம். ஆனால் கடற்கரை ஊருக்கும் பனி ஊருக்கும் எங்கள் பாறைக் காட்டுக்கும் ஒரே வரியை எழுதும்போது, பார்க்காமலிருப்பதும் ஒரு விதமான கவனிப்புதான் என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லாமல் போயிற்று. எங்களில் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால் பாதி நாளில் இதற்கு வழி சொல்லியிருப்போம். பார்ப்பது ஒருவர், வீட்டுக்கு வழி சொல்வது ஒருவர், இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்.

நானிபாவிடம் தொலைபேசியில் கேட்டதில், அந்த இயந்திரம் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தையும் தாடை எலும்பையும் அளக்கிறது என்று விளக்கினாள். என் ஆடுகளை நான் அப்படி அளந்ததில்லை. ஆனாலும் அறுபத்து மூன்றும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். எதை வைத்துத் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இதைப் பற்றி அந்த இயந்திரத்தைச் செய்தவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசை. அது இந்த மனுவைச் சேர்ந்ததல்ல.

14. ஆகவே நான் கோருவது:

(அ) எல்ராய் யெல்லோஹேர் பொய்ச் சான்று கொடுக்கும் எண்ணத்தோடு கையெழுத்திடவில்லை என்பதையும், அதற்கு முன் இரண்டு தடவை எழுதி உதவி கேட்டார் என்பதையும் பதிவு செய்து, அவரை மறுபடி வேலையில் அமர்த்த வேண்டும்.

(ஆ) எங்கள் பகுதி அலுவலகங்களில், ஊழியர் வழக்கத்தின்படி பார்க்கக் கூடாதவர் வந்தால், இன்னொரு அலுவலர் தொலைவிலிருந்து திரையிலாவது பார்த்துச் சான்றளிக்க இடம் தர வேண்டும். எங்கள் ஊரில் மாமியார் நான் ஒருத்தி மட்டும் அல்ல.

(இ) யாருக்காவது தண்டனை கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தால், அந்தக் கையெழுத்தைப் போடச் சொன்னவள் நான். என் உரிமத்தை ரத்தாகவே வைத்துக்கொள்ளலாம். பதினான்கு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறேன்; ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. தண்ணீருக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். அவர் வேலை மட்டும் போகக் கூடாது.

15. முடிவாக ஒன்று. இந்த மனுவை எழுதியது நான்தானா என்றும் தங்களுக்குச் சந்தேகம் வரலாம். வந்தால் அதில் எனக்கு வருத்தமில்லை. அக்டோபர் 9-ஆம் தேதி நான் தலைநகருக்கு வருகிறேன். லூரீன் வண்டி ஓட்டுவாள். விசாரணையை இரண்டு கதவு உள்ள அறையில் வைக்கும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எல்ராய் தன் வாக்குமூலத்தைச் சொல்லி முடித்து ஒரு கதவால் வெளியே போகட்டும். அவர் போன பிறகு நான் மறு கதவால் வருவேன்.

தங்களுக்கு எதிரில் உட்காருகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லை. பார்த்து முடித்த பிறகு, இவரே அவர் என்ற அந்த வரியின் கீழே தாங்கள் கையெழுத்திட வேண்டும். அவ்வளவு நேரம் பார்த்த பிறகும் என்னைப் பற்றி எல்ராயைவிடக் குறைவாகத்தான் தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் தங்கள் கையெழுத்து செல்லும். எனக்கு அது போதும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

இடம்: மூன்று காற்றாலை ஊர்
நாள்: 19.9.2025

தங்கள் உண்மையுள்ள,
டெஸ்பா மெனிகோட்ஸ்
(கையொப்பம்)

இணைப்பு:
1. எல்ராய் யெல்லோஹேர் எழுதிய கடிதங்கள் இரண்டு, அவற்றுக்கு வந்த பதில்கள் இரண்டு – நகல்.
2. பஞ்சாயத்து அலுவலகக் கடிதமும் வீட்டுக்கு வழி காட்டும் படமும் – அசல். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பவும்.
3. ரத்து செய்யப்பட்ட உரிம அட்டை.